ஏழாம் நாளுக்குப் பிறகு...

கல்லூரி மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றதும் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். வாசலில் பேனர், எல்லோருக்கும் ஒரே மாதிரி தொப்பி, கையில் துடைப்பம், மாலையில் விழிப்புணர்வுப் பேரணி, ஏழாம் நாள் நிறைவு விழா, குரூப் போட்டோ.

பெரியகுளம், போடி, உத்தமபாளையம் போன்ற கல்லூரி இருக்கும் ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இது பழகிய காட்சியே. பிள்ளைகள் வியர்வை சிந்தி உழைக்கிறார்கள், அதில் குறையில்லை. பஸ் ஏறிப் போன பிறகு என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 'நான் அல்ல, நீங்கள்' என்ற பொருள் தருவது அதன் முழக்கம். ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் நடத்துவதற்கென்று ஒரு கிராமத்தைத் 'தத்தெடுப்பதும்' வழக்கம்.

தத்தெடுத்த பிள்ளையை ஏழு நாளில் யாராவது விட்டுவிட்டு வருவார்களா?

யார் முடிவெடுக்கிறார்கள்?

பெரும்பாலான முகாம்களில் திங்கள் கோயில் சுத்தம், செவ்வாய் மரக்கன்று, புதன் கண் பரிசோதனை என்று நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. போட்டவர்கள் பெரியவர்கள், செய்பவர்கள் இளைஞர்கள். நட்ட கன்றுக்கு ஏப்ரலில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

முதல் இரண்டு மாலைகளை மட்டும் காலியாக விட்டுப் பாருங்கள். மாணவர்கள் நான்கு நான்கு பேராகத் தெருவுக்குப் போய் உட்கார்ந்து பேசட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் அவர்கள் காதில் விழப்போவது அச்சடித்த நிரலில் இல்லாத விஷயங்களாக இருக்கும்.

விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற தாய்மார்கள் இங்கே ஏராளம். அம்மா திரும்பும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இன்னொரு தெருவில், வீட்டுக் கழிவுநீர் வாய்க்காலில் இறங்கி முல்லையாற்றுக்குப் போகும். லோயர் கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீரைச் சுமந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி பக்கமாக ஓடி வைகையில் சேர்கிற ஆறு அது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த பென்னிகுயிக்குக்கு ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிற பள்ளத்தாக்கு இது. அந்த ஆற்றில் எந்தத் தெருவின் சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது என்று ஒரு வரைபடம் போடுவது, கரையில் ஒரு நாள் குப்பை பொறுக்குவதைவிடப் பெரிய சேவை.

வழிவிட்ட பெரியவர்கள்

இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைத் தாங்கியவர்கள் ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்கு வேண்டும் என்று அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் நினைத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். ஓட்டியது அவர்கள், வழியை அடைக்காமல் பார்த்துக்கொண்டது நிர்வாகம்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் அப்படித்தான். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பகுதிப் பெண்கள். வெளியிலிருந்து வந்தவர் கிளம்பிவிடுவார், பக்கத்து வீட்டு அக்கா எங்கே கிளம்புவார்?

முகாம் மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. அந்த ஊரிலேயே பிளஸ் டூ முடித்த இரண்டு பேரை முதல் நாளே கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகாம் முடிந்த பின் வேலை அவர்கள் கையில் இருக்கும். கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து தோள் கொடுத்தால் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெண் பிள்ளை முகாமுக்குப் போக வேண்டும் என்றால் பல வீடுகளில் முதல் பதில் 'வேண்டாம்'தான். பயம் நியாயமானது. ஆனால் பயத்தைக் கேள்வியாக மாற்றலாம். இரவில் எங்கே தங்குவார்கள்? கூட எந்தப் பெண் ஆசிரியர் இருக்கிறார்? கழிப்பறை, தண்ணீர் வசதி எப்படி? ஆற்றில் இறங்கும் வேலை உண்டா? திட்ட அலுவலரிடம் நேரில் கேளுங்கள், பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். தங்க அனுமதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்குப் பகல் பொறுப்பாவது கிடைக்க வேண்டும். கணக்கு எழுதுவது, வரைபடம் போடுவது, வீடு வீடாகப் பேசுவது எல்லாம் தலைமைதான். சமையல் கட்டில் மட்டும் பெண்களை நிறுத்திவிடாதீர்கள்.

ஆசிரியருக்கும் ஊராட்சிக்கும்

சின்னத் தொகையாக இருந்தாலும் மாணவர் கையில் கொடுங்கள். ரசீதோடு கணக்கு எழுதி, ஊர்ச்சாவடியில் ஒட்டச் சொல்லுங்கள். கணக்கில் தப்பு வந்தால் கூட உட்கார்ந்து திருத்துங்கள், பொறுப்பைப் பிடுங்காதீர்கள். அதே சமயம் சாக்கடைக்குள் இறங்குவது, கிணற்றில் தூர் வாருவது, குப்பைக்குத் தீ வைப்பது போன்ற வேலைகளில் 'பசங்க பார்த்துக்குவாங்க' என்று ஒதுங்க முடியாது. அங்கே 'வேண்டாம்' என்று சொல்வது பெரியவர்களின் கடமை.

மாணவர்கள் கண்டுபிடித்ததைக் கிராம சபைக்கும் கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சபையின் உறுப்பினர்கள் அந்த ஊர் வாக்காளர்கள். எனவே வரைபடத்தை மாணவர் தயாரிக்க, அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர் எழுந்து தீர்மானமாகக் கேட்கட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். சாக்கடையையும் உறிஞ்சு குழியையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

அடுத்த முறை உங்கள் ஊரில் முகாம் நடந்தால், நிறைவு விழா மேடையில் பொன்னாடை போர்த்தும் முன் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாலை வகுப்பு நடக்கும் அறையின் சாவி இனி யாரிடம்? அடுத்த மாதம் வரப்போவது யார்? மீதிப் பணத்தின் கணக்கு யார் பெயரில்? மூன்றுக்கும் அவர்கள் பெயர் சொல்லிப் பதில் தந்தால், கைதட்டலைக் கொஞ்சம் பலமாகவே தட்டலாம்.