நாவின் தீர்ப்பு நுரையீரலுக்குப் பொருந்தாது

இ-சிகரெட்டில் ஊற்றும் திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்ளும் வழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவியபோது, உண்ணத் தக்க சுவையூட்டி எதையும் ஆவியாக்கி உள்ளிழுக்கலாம் என்ற நம்பிக்கையும் உடன் வேரூன்றியது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய அடித்திரவங்களோடு வெனிலா, ஸ்ட்ராபெரி, கஸ்டர்ட் முதலிய செறிவூட்டிய சுவைச் சாறுகளைச் சொட்டுக் கணக்கில் சேர்த்து, சில வாரங்கள் இருட்டில் ஊறவைத்து, பின்பு இழுத்துப் பார்த்துக் குறிப்பெழுதுவோரின் பொறுமையும் நுணுக்கமும் மெய்யானவையே. ஆயினும் அவர்கள் சோதிப்பது சுவையை மட்டுமே, பாதுகாப்பை அன்று.

இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 1958இல் அமெரிக்க உணவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழி வந்த 'பொதுவாகப் பாதுகாப்பானது' என்னும் தகுதியாகும். அத்தகுதி உண்பதற்கு மட்டுமே உரியது என்பதையும், உள்ளிழுப்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதையும் அந்நாட்டின் சுவையூட்டி உற்பத்தியாளர் சங்கமே வெளிப்படையாக அறிவித்துள்ளது. உண்ட பொருளைச் செரிமான நீர்கள் சிதைக்கின்றன, கல்லீரல் வடிகட்டுகிறது. உள்ளிழுத்த பொருளோ இத்தகைய காவல் எதையும் கடக்காமல் நுரையீரல் நுண்ணறைகளின் மெல்லிய சவ்வை நேரே சென்று தொடுகிறது.

வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்னும் வேதிப்பொருள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். மிசூரி மாநிலத்து ஜாஸ்பர் நகரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையொன்றில் பணியாற்றிய எட்டுப் பேருக்கு, மூச்சு நுண்குழல்கள் வடுவேறி அடைபடும் மீளாத நோய் கண்டிருப்பது 2000இல் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. அந்நோய் பாப்கார்னைத் தின்றதனால் வந்ததன்று, கலவைத் தொட்டியிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்ததனால் வந்தது. அதனாலேயே நிக்கோட்டின் கலந்த இ-திரவங்களில் டைஅசிட்டைல் சேர்ப்பதைப் பிரிட்டன் 2016இல் தடைசெய்தது. ஆனால் உணவுச் சுவையூட்டியாக விற்கப்படும் குப்பியை வாங்கி வீட்டில் கலப்பவரை அத்தடை காப்பதில்லை.

சாறுகளை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பாரும் உளர். எனினும் குப்பிக்குள் ஊறும் கலவை மாறாமல் இருப்பதில்லை: வெனிலா, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் மணப்பொருள்கள் புரோப்பிலீன் கிளைக்காலோடு வினைபுரிந்து அசிட்டால்கள் என்னும் புதுச் சேர்மங்களாகின்றன என்பதையும், அவை மூச்சுக்குழாயில் எரிச்சலை உணர்த்தும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டுகின்றன என்பதையும் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். சுவை முதிர்வதற்காகக் காத்திருக்கும் அதே வாரங்களில், எந்தப் புட்டியின் சீட்டிலும் குறிக்கப்படாத பொருள்கள் உருவாகின்றன. அவற்றைக் கண்டறிய ஆய்வகக் கருவி வேண்டுமேயன்றி நாவும் மூக்கும் உதவா.

சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு, அதுவும் மிகுதியாகவே உண்டு என்ற மறுப்பு உண்மையே. அது புகையிலையின் கொடுமைக்குச் சான்றாகுமே தவிர, வீட்டுக் கலவையின் தூய்மைக்குச் சான்றாகாது. ஒன்றைவிடத் தீங்கு குறைந்தது என்பதும் தீங்கற்றது என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

ஆகவே உள்ளிழுத்தல் தொடர்பான ஆய்வு இல்லாத சுவையூட்டி எதுவும், அது எவ்வளவு இனித்தாலும், சோதிக்கப்படாத பொருளாகவே கருதப்பட வேண்டும். உணவுத் தகுதியைக் காட்டி அதை நுரையீரலுக்கு விற்பவர்களின் வாதத்தை, அச்சுவையூட்டியை விலைகொடுத்து வாங்குவோர் இனியேனும் ஏற்க மறுக்க வேண்டும்.