பொந்தும் ஒரு வீடே

சென்னைப் புறநகர்த் தோட்டங்களில் கொய்யா பழுக்கும் காலத்தில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்குவதை இன்றும் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை செந்தார்ப் பைங்கிளிகள். ஆண்கிளியின் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்புமாக ஆரம் ஒன்று விளங்கும். பெண்கிளிக்கு அவ்வாரம் இல்லை. ஒரு காலால் கிளையைப் பற்றி, மறுகாலால் கனியை ஏந்தி அது உண்ணும் அழகு காண்போரை ஈர்க்கும். பழத்தைப் பாதி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததை நாடும் இயல்போ, தோட்டத்துக்கு உரியவரைச் சினங்கொள்ளச் செய்யும்.

இச்சினம் புதியதன்று. தினைப்புனத்துப் பரணில் இருந்து கிளி கடிந்த மகளிரைச் சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்கள் காட்டுகின்றன. தட்டை, குளிர், கவண் ஆகியன அவர்தம் கருவிகள். எனினும், புனத்தினின்று ஓட்டப்பட்ட கிளிக்குத் திரும்பிச் செல்ல மலைக்காடு இருந்தது. புறநகர்க் கிளிக்கு அத்தகைய புகலிடம் அருகி வருகிறது.

கிளி கூடு முடைவதில்லை. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகளிலும், முதிர்ந்த மரங்களில் இயல்பாக உண்டான பொந்துகளிலும் முட்டையிடும்; சில வேளைகளில் பழைய சுவர்த் துளைகளையும் நாடும். பட்டமரம் பயனற்றது எனக் கருதி வெட்டப்படும்போது, கிளியின் வீடே இடிக்கப்படுகிறது.

மொட்டைமாடியில் அரிசி வைத்துக் கிளிகளை அழைப்போரின் அன்பு போற்றத்தக்கது. ஆயினும், அரிசி பசியைத்தான் ஆற்றும். குஞ்சு பொரிக்க இடம் தராது. கூண்டில் அடைத்து வளர்ப்பதோ அன்பின் பெயரால் இழைக்கப்படும் கொடுமை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமுமாகும்.

முதிர்ந்த மரம் வீட்டின்மேல் சாயக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. அவ்விடத்து, முழு மரத்தையும் வீழ்த்தாமல், ஆபத்தான கிளைகளை மட்டும் தறித்து, உறுதியான அடிமரத்தை நிற்க விடலாம். கைக்கெட்டும் பழங்களுக்குத் துணி கட்டிக் காத்து, உச்சிக்கிளைப் பழங்களைக் கிளிகளுக்கு விட்டுவிடலாம். இவற்றால் மனிதருக்கு நேரும் இழப்பு சில கொய்யாப் பழங்களே.

பறவையை நேசித்தல் என்பது அதனைத் தன்னிடம் வரவழைப்பதோடு முடிவதன்று. அது தன் விருப்பப்படி வாழ்வதற்குரிய இடத்தை அழியாமல் காப்பதே உண்மையான நேசம். ஒரு தோட்டத்தின் செழுமையை அதன் பூக்களைக் கொண்டு மட்டுமன்றி, அங்கே விட்டுவைக்கப்பட்ட பொந்துகளைக் கொண்டும் அளவிட வேண்டும்.