ஒரே நாளில் இரு குன்றுகளா?

சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் இருவர் எம்மைக் காண வந்திருந்தனர். “ஐயா, தாபூர் மேற்கு, தாபூர் கிழக்கு இரண்டையும் ஒரே நாளில் ஏறி இறங்கிவிட்டோம்!” என்று பெருமிதத்துடன் கூறினர். வனத்துறையின் அனுமதி பெற்றீர்களா என்பதே எமது முதற் கேள்வி. பெற்றதாகக் கூறினர், மகிழ்ந்தோம். ஆயினும், அருகில் நின்ற ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் விழிகள் விரிந்ததைக் கண்டபின் இதனை எழுதாதிருக்க இயலவில்லை.

கோலாலம்பூரின் வடகிழக்கே, உலு கிள்ளானில் எழுந்து நிற்பது புக்கிட் தாபூர். பல கல் தொலைவு நீளும் படிகப் பாறை முகட்டின் ஒரு பகுதி அது. முற்காலத்தில் கருங்கற் பிளவினுள் வெந்நீர் கொணர்ந்த படிகம் உறைந்தது. சுற்றியிருந்த கருங்கல் காலப்போக்கில் தேய, வன்மை மிக்க படிகம் மட்டும் சுவரென எஞ்சியது. அச்சுவரைக் கிள்ளான் ஆறு ஊடறுக்கும் இடத்திற்றான் கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டு உள்ளது. அணைக்கு இப்பால் ஒரு குன்று, அப்பால் ஒரு குன்று. கினபாலுவின் 4,095 மீட்டருக்குமுன் இவை சிறு பிள்ளைகள். ஆனால் உயிரைப் பறிப்பது உயரமன்று. முகடு ஒடுங்கியது, பாறை கூரியது, வீழ்ந்து மாண்டோரும் உளர்.

1992ஆம் ஆண்டில், பயிற்சிக் கல்லூரி மாணவராயிருந்த நாமும் இதே செயலைச் செய்தோம். உடன் வந்தவர் அறைத்தோழர் ஒருவர். முதற்குன்றை விடியலில் ஏறி, கீழே அணை நீர் வெள்ளித் தகடெனக் கிடந்ததைக் கண்டு களித்தோம். அத்துடன் வீடு திரும்பியிருக்கலாம். “இன்னும் ஒன்றுதானே!” என்று இறங்கி மறுகுன்றையும் ஏறினோம். உச்சியை அடைந்தபோது குடிநீர் தீர்ந்தது. பிற்பகல் மழையும் பிடித்தது. நனைந்த பாறையில் தோழரின் கால் வழுக்கியது, கணுக்கால் முறிந்தது. அவரைத் தோளில் சாய்த்து இறக்குவதற்குள் இருட்டிவிட்டது. மழைக்காலத்தில் அக்கால் இன்றும் அவருக்கு வலிக்கிறது. “இன்னும் ஒன்றுதானே” என்று கூறியவர் நாமே, அவரல்லர்.

செம்பனைக் குலை வெட்டும் தந்தையரைக் கேளுங்கள். அரிவாள் தவறுவது காலையின் முதல் மரத்திலா, வெயிலேறிக் கை சோர்ந்தபின் வெட்டும் மரத்திலா? இரண்டாம் குன்று அந்தக் கடைசி மரம் போன்றது. முதற்குன்றை ஏறிய கால் வேறு. இரண்டாவதை இறங்கும் கால் வேறு.

இதைப் படித்துவிட்டு, “மலையே வேண்டாம்” என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோருக்கும் நாம் உடன்படோம். தோட்டத்து எல்லையைத் தாண்டாத பிள்ளை எதைத்தான் அறியும்? அடுத்த ஆண்டு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரைக் குன்று ஒன்றுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். தாபூர் அன்று, படிகளும் நிழலும் உள்ள சிறு குன்று. விடியலில் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுவோம். உடன்வர விரும்பும் தாய்தந்தையர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும்.