எஞ்சின் பழுதா, ரப்பர் பழுதா?



கணவரோ சகோதரரோ விட்டுச்சென்ற பழைய காரைச் சாரதி ஒருவரிடம் கொடுத்து, ஹயர் ஓடவிட்டுக் குடும்பம் நடத்தும் பெண்கள் கந்தப்பளைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். கராஜில் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர்களுடைய பெரிய குறை. ஆகவே இம்மாதம், நாம் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு சிறிய பாகத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் எஞ்சின் மவுண்ட்.

எஞ்சினை வாகனத்தின் இரும்புச் சட்டத்தில் நேரடியாகப் பூட்டுவதில்லை. இடையில், இரு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய தடித்த ரப்பர் இருக்கும். எஞ்சினின் பாரத்தைச் சுமப்பதும் அதன் அதிர்வை உள்வாங்குவதும் அதுதான். ரப்பரின் முதல் எதிரி எண்ணெய். ஒயில் கசிந்து ஊறினால் அது உப்பி, இளகி, பிய்ந்துவிடும். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். மண்ணெண்ணெயும் ரப்பருக்கு ஆகாது.

வன்னியிலிருந்து வந்து இங்கு உறவினரோடு குடியேறிய சகோதரி ஒருவரிடம் மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. தோட்டத்து நோயாளிகளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் கார் அது. நிற்கும்போது நடுங்கியது, கியர் மாற்றினால் 'டக்' என்று இடித்தது. எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள் ஒரு கராஜில். அவர் தாலிக்கொடியை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார். நல்லவேளையாக, வேறொரு பாஸ் போனட்டைத் திறந்து, பிய்ந்துபோன மவுண்டைக் கைவைத்துக் காட்டினார். கொடி அடகுக் கடைக்குப் போகவில்லை.

நீங்களும் சோதிக்கலாம். சமதரையில் காரை நிறுத்தி, போனட்டைத் திறந்து வையுங்கள். காருக்கு முன்னால் எவரும் நிற்கக்கூடாது. சாரதி பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, முதலாம் கியரில் கிளச்சை மெதுவாகச் சற்றே விடட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் ஒரு பக்கமாக அதிகம் எழும்பினால் மவுண்ட் போய்விட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் எல்லா நடுக்கமும் மவுண்டால் வருவதல்ல. பிளக், கார்பரேட்டர் ஆகியவற்றில் கோளாறு இருந்தாலும் எஞ்சின் நடுங்கும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் 'பொலியூரித்தேன்' மவுண்டும் காட்டுவார்கள். அது ரப்பரை விட எண்ணெயைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கடினமானது என்பதால் அதிர்வைக் கூடுதலாக உள்ளே அனுப்பும். நோயாளிகளை ஏற்றும் காருக்கு ரப்பரே இதம். பொலியூரித்தேனும் நிரந்தரமல்ல. வெடித்தால், தேய்ந்தால், இரும்பிலிருந்து பிரிந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, ஒயில் கசிவை முதலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய ரப்பரும் அதே கதிதான். இரண்டாவது, ஒன்று பிய்ந்தால் அதன் பாரம் மற்றவற்றில் விழுந்திருக்கும். முடிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். மூன்றாவது, எஞ்சினை ஜாக்கியால் தூக்கும்போது ஒயில் சம்ப்பின் அடியில் பலகை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரையும் காருக்கு அடியில் போக விடாதீர்கள். கழற்றிய பழைய மவுண்டைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. புதிய கார் நமக்கு எட்டாத விலை. இருப்பதைக் காப்பதே நமக்கு வருமானம். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது, "எந்தப் பாகம் பழுது? காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை; கார் உங்களுடையது.