பாட்டியின் அட்டிகை எத்தனை கிராம்?

தங்கத்தின் விலை ஏறுகிற வாரங்களில் எங்கள் வானொலி நிலையத்துக்கு வருகிற குரல் பதிவுகளே மாறிவிடும். பாட்டு கேட்பவர்கள் குறைவார்கள். "பழைய நகையை இப்ப கொடுத்தா நல்ல விலை கிடைக்குமாங்க?" என்று கேட்பவர்கள் கூடுவார்கள். காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடலுக்கு நடுவே எனக்குக் கிடைப்பது நாற்பது விநாடி. அதற்குள் "மூணு கடை ஏறி இறங்கி விசாரிங்க" என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் கடை ஏறுவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போடாமல் மூன்று கடை ஏறினால் மூன்று விதக் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது எங்கள் பாட்டி இறந்த பிறகு. பிள்ளைகள் மூன்று பேர்: பெரியத்தை, அப்பா, சின்னத்தை. கருமகாரியம் முடிந்து சில வாரம் கழித்து, பாட்டியின் நகைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள். கெம்புக்கல் பதித்த அட்டிகை ஒன்று, 41 கிராம். கெட்டி வளையல் நான்கு, தலா 12 கிராம். ஒரு சங்கிலி, அதில் தொங்கும் ஜார்ஜ் மன்னர் பவுன் காசு. இவை போக, வெள்ளிச் சாமான்களும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய நாணயங்களும்.

பங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அட்டிகை சின்னத்தைக்கு, மகளுக்குக் கல்யாணம் வருகிறது. வளையல் நான்கும் பெரியத்தைக்கு. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை இருக்கிறது, விற்கப்போகிறார். சங்கிலியும் காசும் அப்பாவுக்கு. "நாப்பத்தொண்ணு, நாப்பத்தெட்டு. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. சின்னத்தையும் தலையை ஆட்டினார். எல்லாருடைய கண்ணிலும் அட்டிகைதான் பாட்டியின் பெரிய சொத்து.

எடையைப் பார்த்துப் பிரிப்பதில் உள்ள வில்லங்கம் இங்கேதான். தராசுக்குத் தங்கமும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான், கல்லுக்கு அடியில் அடைத்திருக்கும் அரக்கும் ஒன்றுதான்.

முதலில் தரம். 24 பங்கும் தங்கமாக இருந்தால் 24 காரட். 22 பங்கு தங்கமும் மீதி செம்பு, வெள்ளியுமாக இருந்தால் 22 காரட்; ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916. நம் நாட்டுக் கடைகளில் நாம் சாதாரணமாக வாங்குவது இந்த 916தான். 750 என்றால் 18 காரட், 375 என்றால் 9 காரட். பழைய மலேசிய நகைகளில் 835 என்ற முத்திரையும் இருக்கும். அது ஏறத்தாழ 20 காரட். இந்தியாவில் வாங்கியதானால், அண்மைக் காலத்து நகையில் பி.ஐ.எஸ். முத்திரையோடு ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் இருக்கும். 2021இல் வந்த ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் ஆசாரி வீட்டில் செய்த நகையில் இது எதுவும் இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக அது மட்டமும் இல்லை, முத்திரை இருக்கிறது என்பதற்காக அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

முத்திரை வளையலின் உள்பக்கத்தில், சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்தில், மோதிரத்தின் உள்வட்டத்தில் இருக்கும். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். பூதக்கண்ணாடியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது எடை. கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. காய்கறித் தராசு இதற்கு உதவாது. தாலிக் கயிறு, கருகமணி, முத்து, கல் எல்லாவற்றையும் கழித்துத்தான் தங்கத்தின் எடை. சங்கிலிக் கொக்கிக்குள் ஒரு துளி எஃகு ஸ்பிரிங் இருக்கும், அதைக்கூடக் கழிக்கிற கடைகள் உண்டு.

மூன்றாவது, அன்றைய விலை. உலகச் சந்தையில் தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் அமெரிக்க டாலரில் சொல்வார்கள். இந்த அவுன்ஸ் 31.1 கிராம், மளிகைச் சாமான் நிறுக்கிற 28 கிராம் அவுன்ஸ் அல்ல. அந்த விலையை 31.1ஆல் வகுத்து, அன்றைய ரிங்கிட் மாற்று விகிதத்தால் பெருக்கினால் தூய தங்கத்தின் கிராம் விலை வந்துவிடும். நாங்கள் கணக்குப் போட்டபோது வசதிக்காக 400 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் இன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். (வெள்ளியை விற்றால் எத்தனை வெள்ளி கிடைக்கும் என்று நம் ஊரில் மட்டும்தான் கேட்க முடியும்.)

வளையல்களுக்குக் கணக்கு சுலபம். 48ஐ 0.916ஆல் பெருக்கினால் தூய தங்கம் 43.97 கிராம். 400ஆல் பெருக்கினால் 17,587 வெள்ளி.

அட்டிகையைத் தூக்கிக்கொண்டு நானும் சின்னத்தையும் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மாடிப்படி ஏறி வயதான பத்தர் ஒருவரிடம் போனோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டினார், ஒரு கண்ணியை மட்டும் பிரித்து அரக்கைச் சுரண்டிக் காட்டினார். "கல்லும் அரக்கும் போக இருபத்திமூணு நிக்கும்மா." உரைகல்லில் தேய்த்து, அமிலம் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடை இயந்திரத்திலும் வைத்துப் பார்த்தோம். நூற்றுக்கு 83. ஆக, 23 பெருக்கல் 0.83, தூய தங்கம் 19.09 கிராம். மதிப்பு 7,636 வெள்ளி.

சின்னத்தை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கீழே வந்த பிறகுதான் பேசினார். "அப்ப அக்காவோட பங்கு என்னோடதைவிட ரெண்டு மடங்கா?"

இரண்டு மடங்குக்கும் மேலே. அதை நான் சொல்லவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. கடைகளில் இருக்கும் அந்த எக்ஸ்ரே இயந்திரம் நகையின் மேல்தோலைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசிய நகையை அது தங்கம் என்றே சொல்லிவிடலாம். அதனால்தான் கடைக்காரர் சந்தேகம் வந்தால் ஓரத்தில் அரம் போட்டுப் பார்க்கிறார். அதைக் கண்டு நாம் கோபப்பட வேண்டியதில்லை. நம் கண் முன்னால் செய்யச் சொன்னால் போதும்.

கல் இல்லாத, உள்ளே பொள்ளல் இல்லாத நகைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியமாக்கிக்கொள்ளுங்கள். நகையை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். நகையின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 22 காரட்டுக்கு 17.7ஐ ஒட்டி வர வேண்டும். எங்கள் நான்கு வளையலுக்கும் சேர்த்து 2.7 காட்டியது. பித்தளையாக இருந்தால் ஐந்தரைக்கு மேல் காட்டியிருக்கும். அப்பா இதை மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவை வெறும் ஆசைக்காக.

சங்கிலி, காசு நீங்கலாக, 24.6 கிராம், 916. மதிப்பு 9,013 வெள்ளி. காசு உண்மையான பிரிட்டிஷ் சவரன். நாம் பேச்சில் ஒரு பவுனை 8 கிராம் என்கிறோமே, அந்தக் காசின் சரியான எடை 7.988 கிராம், தரம் 22 காரட், அதில் தூய தங்கம் 7.32 கிராம். அது 2,929 வெள்ளி. பவுன் காசைப் பார்த்து ஆசாரிகள் அச்சு வார்த்த நகல் காசுகளும் நம் வீடுகளில் நிறைய உண்டு. நகலும் தங்கமாக இருக்கலாம், ஆனால் எடையும் தரமும் இஷ்டத்துக்கு இருக்கும். வளையம் பற்றவைத்த காசு என்றால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தர மாட்டார்கள், தங்க விலைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். பெரியத்தைக்கு 17,587. அப்பாவுக்கு 11,942. சின்னத்தைக்கு 7,636. அறையில் யாரும் பேசவில்லை. பாட்டியைக் கடைசி நான்கு வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டவர் பெரியத்தை. அவருக்குக் கூடுதலாகப் போனால் என்ன என்று எனக்குள்ளே ஒரு எண்ணம். சின்னத்தைக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் போவது வேறு.

பெரியத்தைதான் வாயைத் திறந்தார். "ஒரு வளையல அவகிட்ட கொடுத்துட்டா எவ்வளவு வரும்? போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். பெரியத்தைக்கு மூன்று வளையல், 13,190. சின்னத்தைக்கு அட்டிகையும் ஒரு வளையலும், 12,033. அப்பாவுக்கு 11,942. இதைவிட நெருக்கமாக அந்தப் பெட்டியைப் பிரிக்க முடியாது. "அம்மா கணக்காத்தான் வாங்கி வச்சிருக்கு" என்றார் அப்பா. சின்னத்தை அந்த வளையலை உடனே வாங்கவில்லை. "ஆபரேஷனுக்கு வேணுமேக்கா" என்றார். "என் காலுக்கு மூணு வளையல் போதும்" என்று பெரியத்தை அதட்டிய பிறகுதான் கை நீட்டினார்.

வெள்ளிச் சாமான் கதை வேறு. பெரிய தட்டின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்று அச்சிட்டிருந்தது. அது வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை; விற்கப் போனால் பாத்திர விலைகூட வராது. 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரில் விற்கும் சாமானிலும் வெள்ளி ஒரு துளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். குத்துவிளக்கு ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது, ஆனால் நடுத்தண்டில் காந்தம் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்புக் கம்பி. வெள்ளியில் காந்தம் ஒட்டாது. கொலுசில் பற்றுவைப்பு அதிகம், தரமும் பல மாதிரி இருக்கும், ஆகவே 925 என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

நாணய டின்னை மட்டும் யாரும் அவசரப்பட்டு உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் டின்னில் 1907ஆம் ஆண்டு எட்வர்ட் மன்னர் தலை போட்ட நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஒரு டாலர் இருந்தது. அது 20.2 கிராம், நூற்றுக்கு 90 வெள்ளி. அதே அரசின் 1920ஆம் ஆண்டு டாலர் 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. தாத்தா கப்பலில் கொண்டுவந்த பழைய இந்திய ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 வெள்ளி, 1940க்குப் பிறகு அதையும் பாதியாக்கிவிட்டார்கள். இந்த நாணயங்களுக்குச் சேகரிப்பவர்கள் தரும் விலை உலோக விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தக் கூடுதல் போய்விடும். எட்வர்ட் டாலரில் போலிகளும் அதிகம், முதலில் எடை போடுங்கள்.

இனி விற்பது. நாம் போட்ட 13,190 என்பது கடைக்காரர் தரப்போகும் தொகை அல்ல. அவருக்கு உருக்கும் செலவு, சுத்திகரிப்பு, லாபம் எல்லாம் உண்டு. நாம் வாங்கும்போது கொடுத்த செய்கூலி திரும்பி வராது. அந்த எண் நம் கையில் இருக்கும் அளவுகோல், அவ்வளவுதான். பெரியத்தையோடு மூன்று கடை போனேன். முதல் கடையில் வளையலைக் கையில் வாங்கிப் பார்த்து, "மொத்தமா பதினோராயிரம் தரேன்" என்றார்கள். "கிராமுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன். 305 என்றார்கள்; 36 கிராமுக்கு அது 10,980. இருபது வெள்ளியைக் கூட்டி முழு எண்ணாக்கிக் காட்டியிருந்தார்கள். இரண்டாவது கடையில் பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கினால்தான் நல்ல விலையாம். மூன்றாவது கடையில் கிராமுக்கு 345, 12,420 வெள்ளி. எங்கள் கணக்கில் நூற்றுக்கு 94. பெரியத்தை அங்கேயே கொடுத்துவிட்டார். அதிக நேரம் நிற்க அவர் கால் இடம் கொடுக்கவில்லை.

எந்தக் கடையானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கிராமுக்கு எவ்வளவு, எந்தத் தரத்துக்கு? தராசின் எண் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தராசில் அரசாங்கச் சரிபார்ப்பு ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள். ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

விற்க மனமில்லாமல் அடகுக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி மாதம் நூற்றுக்கு 2 வரை வட்டி, மீட்க ஆறு மாதம். 8,000 வெள்ளி வாங்கினால் மாதம் 160, ஆறு மாதத்துக்கு 960. ஆறு மாதத்தில் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது சரி. வருமா வராதா என்று தெரியாமல் சீட்டை மாற்றி மாற்றி வைப்பவர்கள், நகையைத் தவணை முறையில் விற்கிறார்கள். அர்-ரஹ்னுவில் வட்டிக்குப் பதிலாகக் காப்புக் கூலி. அதையும் மாதக் கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கல் பதித்த நகையை விற்பவர்களுக்கு இன்னும் ஒன்று. கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கடைக்காரர் பணம் தருகிறார் என்றால், அந்தக் கல் உங்களுடையது. கழற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத்தை அட்டிகையை விற்கவில்லை. ஆனால் பத்தர் அன்று பிரித்த கண்ணியில் இருந்த இரண்டு கெம்பைத் தாளில் மடித்துக் கேட்டு வாங்கிவந்து, மறுவாரம் அவரிடமே கொடுத்துப் பதித்து வாங்கினார்.