முதுகைப் பார்த்தவர் யார்?

நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா நேராகக் குளியலறைக்குத்தான் போவார். காது மடலிலும் நக இடுக்கிலும் ஒட்டிய கரித்தூள் போகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தட்டின் முன்னால் உட்காருவார். கன்வேயரில் வேலை பார்த்த என் அப்பா, ஓய்வுபெற்ற பின்னும் இரண்டு வேளைக் குளியலை விட்டதில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். ஊசி நேரத்துக்குப் போட்டார்கள், பிபி நேரத்துக்குப் பார்த்தார்கள். குளியலைப் பற்றிக் கேட்டால், "இப்ப தண்ணி எல்லாம் வேணாம் சார். வேணும்னா அட்டெண்டர் நீங்களே துடைச்சு விடுங்க" என்றார்கள். முகத்தையும் கையையும் துடைத்துவிட்டேன். வீட்டுக்கு அழைத்து வந்து வேட்டியை மாற்றும்போதுதான், வால் எலும்பின் மேல் ஒரு நாணய அளவுக்குத் தோல் பிய்ந்திருந்தது கண்ணில் பட்டது. ஒன்பது நாளும் அவர் முதுகை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"நோயாளிக்கு மருந்துதான் முக்கியம், குளியல் ஒன்றும் அவசரமில்லை, அது ஆயா வேலை" என்ற பேச்சை அதற்குப் பிறகு பல வாயால் கேட்டுவிட்டேன். வார்டிலும் வீட்டிலும் அது பல விதமாக வரும். ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

"தண்ணி பட்டா ஜன்னி வந்துடும்"

இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஈர உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். முதியவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் அது ஆபத்து. பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதனால்தான். ஆனால் குளிர் ஆகாது என்பதற்காகக் குளியலே ஆகாது என்று ஆகிவிடாது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வெதுவெதுப்பான நீரில் ஒரு நேரத்தில் ஒரு கையையோ காலையோ மட்டும் திறந்து துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். செவிலியர்கள் 'பெட் பாத்' என்று படிப்பது இதைத்தான்.

ஜன்னி என்று நாம் பயப்படும் நிமோனியா கிருமியால் வருகிறது. அந்தக் கிருமி பல நேரம் நோயாளியின் கழுவாத வாயிலேயே இருந்து, எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. வாயைத் தினமும் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்தது. ஜன்னிக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் வாயைக் கழுவிவிட வேண்டும்.

சின்னம்மை வந்த வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை உடம்பில் நீர் படவிடுவதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அம்மன் மேலுள்ள நம்பிக்கையும் அவரவர் வீட்டுக்கு உரியவை, அவற்றோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வியர்த்த தோலில் அரிப்பு கூடும், அழுக்கு நகத்தால் சொறிந்த கொப்புளம் சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் மெல்லக் குளிப்பாட்டி, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் குழந்தைக்குத்தான் நிம்மதி.

தீக்காயத்துக்குத் தண்ணீர் ஆகாது என்றும் சொல்வார்கள். 2020 மே 7-லும் ஜூலை 1-லும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து, உடல் கருகிய தொழிலாளர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் இது. நாமாவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுட்ட இடத்தை உடனே ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. மாவும் மையும் பற்பசையும் பூசுவது கெடுதல். தீக்காய வார்டிலும் புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து கட்டுவதே அன்றாட சிகிச்சை.

"படுத்தே கிடக்கிறவருக்கு என்ன அழுக்கு?"

நடமாடுகிறவரைவிடப் படுத்திருப்பவருக்குத்தான் குளியல் அதிகம் தேவை. நம் உடம்பில் வியர்வை காற்றில் காய்ந்துவிடும். அவருக்கு முதுகுக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் நடுவே தேங்கி நிற்கும். கத்திரி வெயிலில் நெய்வேலியின் அனல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரும் மலமும் பட்ட தோல் ஊறிப்போய் மெலியும். அதன் மேல் எலும்பின் அழுத்தம் சேர்ந்தால் ரத்தம் ஓடாமல் அந்த இடம் செத்துப்போகிறது. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், பின்னந்தலை ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும்.

தொடங்கும்போது அது புண்ணாகத் தெரியாது. தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று பாடப்புத்தகம் சொல்லும். வெளுத்த தோலுக்கு அது சரி. நம்முடையதைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாகவோ, கல்லாகவோ, கொழகொழவென்றோ படும். துணியோடு கையும் உடம்பில் போனால்தான் இதெல்லாம் தெரியவரும். குளிப்பாட்டினால் மட்டும் புண் வராது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் பெரிய காப்பு. ஆனால் எந்த இடம் வாடுகிறது என்று கண்டுசொல்லும் வேளை குளிக்கும் வேளைதான். சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். உள்ளே நைந்த தசையை அது மேலும் நைக்கும்.

"அது ஆயா வேலை. நர்ஸ் படிச்சது ஊசி போட"

இந்தப் பேச்சுதான் மற்றதற்கெல்லாம் வேர். நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதிய செவிலியர் குறிப்புகளில் உடல் தூய்மைக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. வர்ஜீனியா ஹெண்டர்சன் வகுத்த செவிலியத்தின் 14 அடிப்படைப் பணிகளில், உடம்பைச் சுத்தமாக வைத்துத் தோலைக் காப்பது எட்டாவது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் செவிலியம் பட்டப்படிப்பானது. பட்டம் வந்ததால் நோயாளியின் உடம்பைத் தொடும் வேலை பாடத்தை விட்டுப் போய்விடவில்லை.

அப்பாவுக்காக வீட்டுக்கு வந்த ஒரு செவிலியர் முதல் நாள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். "விழுந்த பக்கத்துக்குச் சூடு உறைக்காதுண்ணா. கொதிச்சாலும் அப்பாவால சொல்ல முடியாது" என்றார். சட்டையைக் கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுத்தார், மாட்டும்போது விழுந்த கையை முதலில் நுழைத்தார். கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். மறுகண்ணுக்குத் துணியின் வேறு மூலை. கையை மணிக்கட்டிலிருந்து தோள் நோக்கித் துடைத்தார். முதுகுக்கு வரும் முன் தண்ணீரை மாற்றினார். மறைவிடத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இடது கெண்டைக்கால் வலது காலைவிட வீங்கியிருப்பதைக் கண்டு, டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னார். ரத்தக்கட்டு இருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். அரை மணி நேரத்தில் அவர் பார்த்த அளவுக்கு அப்பாவின் உடம்பை எந்தப் பரிசோதனையிலும் யாரும் பார்த்ததில்லை. துடைப்பதற்கு ஆயாம்மா உதவலாம். பார்த்ததைப் புரிந்துகொள்ளும் படிப்பும் பொறுப்பும் செவிலியருடையது.

நெய்வேலியிலிருந்து வடலூர் கூப்பிடு தூரம். 1867-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே சோறு பரிமாறுவதை இந்த வட்டாரத்தில் ஒருவரும் கீழான வேலை என்று சொல்ல மாட்டார்கள். தானே சாப்பிட வழியில்லாதவருக்குச் சோறிடுவது உயர்ந்த வேலை என்றால், தானே கழுவ முடியாதவரைக் கழுவிவிடுவது மட்டும் எப்படித் தாழ்ந்துபோகும்?

"அதான் வைப்ஸ், டயப்பர், மருந்து சோப்பு எல்லாம் வந்துடுச்சே"

வந்திருப்பது நல்லதுதான். குளோர்ஹெக்சிடின் நனைத்த துணியால் தினமும் துடைத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தத்தில் கிருமி ஏறுவது 28 சதவீதம் குறைந்தது என்று 7,727 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2013-ல் சொன்னது. 2015-ல் 9,340 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு அப்படிப் பலன் தெரியவில்லை என்றது. ஆகவே மருந்துத் துணி இடம் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய கருவி, எல்லாருக்கும் தீர்வல்ல. குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கும் பேசினும் சும்மா இல்லை. மூன்று மருத்துவமனைகளின் 92 குளியல் பேசின்களைச் சோதித்த ஆய்வில் 98 சதவீதத்தில் பாக்டீரியா வளர்ந்தது. கழுவிக் காயவைக்காத பேசின் ஒருவர் கிருமியை இன்னொருவருக்குக் கொண்டுபோகும்.

டயப்பர் ஈரத்தை உறிஞ்சும், தோலைச் சுத்தம் செய்யாது. மணிக்கணக்கில் மாற்றாத டயப்பர் புண்ணுக்கு வழிவிடுகிறது. வாளித் தண்ணீரில் டெட்டாலைக் கணக்கில்லாமல் ஊற்றினால் வயதான தோல் வெந்துபோகும். பவுடரை அள்ளிக் கொட்டினால் மடிப்புகளில் கட்டியாகி அறுக்கும். எந்தப் பொருள் வந்தாலும் பார்க்கும் கண் வேண்டும்.

"அவரே வேண்டாங்கிறார், விட்டுடுங்க"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எதை வேண்டாம் என்கிறார் என்று கேட்கிறோமா? என் அப்பா முதல் நாள் கையைத் தட்டிவிட்டார். பெண் பிள்ளை முன்னால் வேட்டி அவிழ்வதுதான் அவருக்குக் கஷ்டம். செவிலியர் அதைப் புரிந்துகொண்டு, "அப்பா, போர்வைக்குள்ளேயே முடிச்சுடலாம். கடைசியா உங்க கையிலயே துணியக் கொடுத்துடறேன், நீங்களே துடைச்சுக்குங்க" என்றார். இடது கையால் அப்பாவே துடைத்துக்கொண்டார்.

மறதி நோய் உள்ள முதியவர்கள் குளிக்கும் நேரத்தில் கத்துவதும் அடிப்பதும் உண்டு. அமெரிக்காவில் 15 முதியோர் இல்லங்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், அவரவர் விருப்பத்தை அறிந்து ஷவரில் குளிப்பாட்டியபோது முரண்டு 53 சதவீதம் குறைந்தது. வெதுவெதுப்பான ஈரத் துவாலையைப் போர்த்திப் படுக்கையிலேயே துடைத்தபோது 60 சதவீதம் குறைந்தது. பல நேரம் குளிப்பாட்டும் விதம்தான் வேண்டாமென்று சொல்ல வைக்கிறது.

"நர்ஸுக்கு நேரம் எங்கே?"

இதற்கு மட்டும் நான் செவிலியர் பக்கம்தான் நிற்பேன். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த கணக்கு ஏட்டில் இருக்கிறது. ஒரே சிஸ்டர் வார்டு முழுவதும் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் போய் ஏன் குளிப்பாட்டவில்லை என்று சண்டை போடுவது அநியாயம். போதிய செவிலியரை நியமிக்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் நேரமில்லை என்பது வேறு, தேவையில்லை என்பது வேறு. ஆள் பற்றாத இடத்தில் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, தினம் ஒருமுறை தோலைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதலாம். வீட்டுக்குப் போன பிறகு, தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவரை வீடு தேடி வந்து பார்க்கும் செவிலியர்கள் அந்தத் திட்டத்தில் உண்டு.

அப்பாவின் புண் ஆற நான்கு மாதம் ஆனது. முதல் குளியல் முடிந்த அன்று, பேச்சு வராத நிலையில் இடது கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக் காட்டினார். சீப்பு கேட்கிறார் என்று அம்மாவுக்குத்தான் புரிந்தது. நோயில் விழுந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது.

உங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்பதோடு இன்னொன்றையும் தினமும் கேளுங்கள். வார்டில் சிஸ்டரிடம் பணிவாகக் கேளுங்கள், வீட்டில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று முதுகைப் பார்த்தோமா?