கியரில் இருக்கும் கையை யார் பார்ப்பது?

அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, அயோவா போன்ற மாநிலங்களில் கோடை பிறந்துவிட்டால் கவுண்டிக்குக் கவுண்டி சந்தை கூடும். கன்றுக்குட்டிக்குப் பரிசு, பூசணிக்குப் பரிசு, ராட்டினம், சோளப்பொரி என்று பகல் கழியும். சாயங்காலம் கூட்டம் நெரிவது டிராக்டர் இழுவைப் போட்டியில்தான். மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, உருட்டி இறுக்கிய 300 அடித் தடம். டிராக்டரின் பின்னால் சங்கிலியில் பிணைத்த ஓர் எடைவண்டி. அதை அதிக தூரம் இழுத்தவர் வென்றவர். இவ்வளவு எளிய ஆட்டத்தில் பல காலமாகத் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. எடைவண்டி நகரத் தொடங்கிய பிறகு ஓட்டுநர் கியர் மாற்றலாமா, கூடாதா?

தொலைக்காட்சியில் வரும் ராட்சத டிராக்டர்களைப் பற்றிய வழக்கல்ல இது. மூன்று நான்கு என்ஜின்களை வரிசையாகப் பூட்டி, புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு பாயும் அந்த வண்டிகள் வயலையே பார்த்ததில்லை. அவை பொதுவாக ஒரே கியரில் ஓடி முடிப்பவை. உள்ளூர் 'ஸ்டாக்' பிரிவின் கதை வேறு. காலையில் வைக்கோல் கட்டு இழுத்த டிராக்டரைக் கழுவி, முன்னால் எடைக்கட்டிகளை மாட்டி, எடைமேடையில் ஏற்றிவிட்டு மாலையில் போட்டிக்குக் கொண்டுவரும் விவசாயிகளின் பிரிவு. பரிசுத் தொகை டீசல் செலவுக்குக் காணாது. பக்கத்துப் பண்ணைக்காரரை வெல்வதுதான் அங்கே பரிசு. அதனாலேயே சண்டையும் அங்கேதான் சூடாக இருக்கிறது.

கியர் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதை எடைவண்டியைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். புறப்படும்போது அதன் எடைப்பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும். அதனால் வண்டி லேசாக உருளும். சக்கரம் சுற்றச் சுற்ற, அந்தச் சுழற்சியாலேயே எடைப்பெட்டி சரிவில் முன்னோக்கி ஏறிவரும். வண்டியின் முன்பாகம் சக்கரமில்லாத இரும்புத் தட்டு. பெட்டி அதை நெருங்க நெருங்க, தட்டு மண்ணில் அழுந்தி உராய்வு கூடிக்கொண்டே போகும். முதல் 50 அடியில் இழுக்கும் சுமை வேறு, 250 அடியில் இழுக்கும் சுமை வேறு. இந்த எந்திரம் வருவதற்கு முன் தடத்தின் ஓரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். டிராக்டர் இழுத்துவரும் பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். யார் எவ்வளவு கனம், யார் சரியான நேரத்தில் ஏறினார் என்று அப்போதும் பஞ்சாயத்துதான்.

சுமை கூடிக்கொண்டே போகிற ஆட்டத்தில் ஒரே கியரில் எப்படி ஓட்டுவது? தாழ்ந்த கியரில் இழுவிசை அதிகம், வேகம் குறைவு. கடைசி அடிகளில் கைகொடுக்கும் உந்துவேகம் கிடைக்காது. டயர் நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டத் தொடங்கிவிடும். மேல் கியரில் புறப்பட்டால் முதல் பாதி அமர்க்களமாக இருக்கும். சுமை ஏறியதும் என்ஜின் மூச்சுத் திணறி அணைந்துவிடும். மண்ணின் ஈரம், டயரின் காற்று, எடைக்கட்டி வைத்த இடம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு கியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவம் தெரியும். நடுவழியில் மாற்றிக்கொள்ள முடிந்தால் இந்தத் தலைவலி பாதி தீர்ந்துவிடும்.

சாதாரண கியர்பெட்டி உள்ள டிராக்டரில் அது நடக்காது. அத்தனை சுமையோடு கிளட்சை மிதித்த கணமே வண்டி நின்றுவிடும். நின்றால் ஆட்டம் முடிந்தது. நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே கதி. சேற்றில் கலப்பையோடு திணறும்போது கிளட்சை மிதித்துவிட்டுப் பிறகு வண்டியைக் கிளப்பப் படும் பாடு, ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வழக்குக்குக் காரணம், ஓட்டத்திலேயே வேகம் மாற்றும் ஏற்பாடுகள். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1954 இல் ஃபார்மால் சூப்பர் எம்-டிஏ மாடலில் 'டார்க் ஆம்ப்ளிஃபயர்' என்ற ஒன்றைக் கொடுத்தது. ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும். கிளட்சை மிதிக்காமலே வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், சக்கரத்தில் இழுவிசை ஏறக்குறைய பாதி அளவு கூடும். உழுதுகொண்டே போகும்போது எதிர்ப்படும் கெட்டியான மேட்டை நிற்காமல் தாண்டுவதற்காகச் செய்தது. (இறக்கத்தில் அதைப் போட்டால் என்ஜின் பிடி இல்லாமல் வண்டி தானாக உருளும் என்பதைப் பழைய ஓட்டுநர்கள் எச்சரிக்கையாகச் சொல்வார்கள்.) மற்ற நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஆலிஸ்-சால்மர்ஸின் பவர் டைரக்டர், ஃபோர்டு 1959 இல் கொண்டுவந்த செலக்ட்-ஓ-ஸ்பீடு, மாசி ஃபெர்குசனின் மல்டி-பவர் என்று வரிசையாக வந்தன. ஜான் டியர் 1963 இல் அறிமுகப்படுத்திய 4020 மாடலில் பவர் ஷிஃப்ட் பெட்டி வாங்கினால், எட்டு முன்கியர்களையும் கிளட்ச் இல்லாமலே மாற்றலாம். இவையெல்லாம் இன்றைக்கும் ஸ்டாக் பிரிவில் இழுக்கிற வண்டிகள்.

ஒரு கவுண்டியில் 'புறப்பட்ட பின் கியரைத் தொடக்கூடாது' என்பார்கள். அடுத்த கவுண்டியில் தொழிற்சாலையில் வந்த நெம்புகோல் என்றால் இழுத்துக்கொள்ளலாம். இன்னோரிடத்தில் குறைக்கலாம், கூட்டக்கூடாது. சில இடங்களில் விதியே எழுதப்படவில்லை. வரிசையில் நிற்கும்போது நடுவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

தடை கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா வாங்கிய பழைய டிராக்டரோடு வருகிற இளைஞனுக்கு அந்த நெம்புகோல் கிடையாது. எதிராளி மேல் வேகத்தில் புறப்பட்டு, 200 அடியில் நெம்புகோலை இழுத்து, மீதியைத் தாழ்ந்த வேகத்தில் முடித்தால், போட்டி ஓட்டுநர்களுக்கு இடையில் நடக்கவில்லை. விலைப்பட்டியல்களுக்கு இடையில் நடக்கிறது. ஒரே கியர் என்றால் எல்லோரும் ஒரே சூதாட்டத்தை ஆடுகிறார்கள்.

ஆனாலும் இந்தத் தடை தவறான இடத்தில் பூட்டப்பட்ட பூட்டு. 'ஸ்டாக்' பிரிவின் உயிரே, தொழிற்சாலை விற்றபடி வண்டி இருக்க வேண்டும் என்பதுதான். டர்போவை மாற்றாதே, எரிபொருள் பம்ப்பைத் திருகாதே என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலையே பொருத்தி அனுப்பிய நெம்புகோலையும் தொடாதே என்பது எந்தக் கணக்கில் சேரும்? பெரிய நிறுவனங்களில் பல 1960களில் இப்படி ஒன்றை வைத்திருந்தன. எனவே இது ஒரு பிராண்டுக்குக் கிடைக்கும் தனிச்சலுகையும் அல்ல. அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பழைய டிராக்டர் பிரிவு பல ஊர்களில் தனியாகவே இருக்கிறது. அங்கே மட்டும் ஒரே கியர் விதி பொருந்தும், இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய குறை, இந்த விதியை அமல்படுத்த முடியாது என்பது. கொடிக்காரர் தடத்தின் ஓரத்தில் நிற்கிறார். அவர் கண் முன்சக்கரத்தின் மீதும், சங்கிலியின் மீதும், எல்லைக்கோட்டின் மீதும் இருக்க வேண்டும். ஓட்டுநர் உட்கார்ந்த இடத்தில் சில அங்குலம் நகரும் ஒரு கையை அவர் எப்படிப் பார்ப்பார்? என்ஜின் ஓசை மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். சுமை கூடும்போதும் ஓசை மாறும். டயர் வழுக்கினாலும் மாறும். ஓசையை நம்பி ஒருவரை நீக்கினால், அந்த இரவு முழுக்க வாக்குவாதம். நீக்காமல் விட்டால், விதியை மதித்துக் கையை மடியில் வைத்திருந்தவருக்குத்தான் நஷ்டம்.

அளக்க முடிவது வேகம். பல உள்ளூர்ப் போட்டிகளில் இப்போதே வேக உச்சவரம்பு உண்டு. எடைவண்டியிலேயே வேகம் காட்டும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள், வரம்பு தாண்டினால் கொடி விழும். வேகத்துக்கு வரம்பு கட்டிவிட்டால், மேல் கியரில் சீறிப் புறப்பட்டு உந்துவேகத்தைச் சேர்த்துக்கொள்ளும் தந்திரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. நெம்புகோல் உள்ளவருக்குக் கொஞ்சம் சாதகம் மிஞ்சும்தான். அது மண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கும், டயரில் காற்றைச் சரியாக இறக்கத் தெரிந்தவருக்கும் இருக்கிற சாதகத்தைப் போன்றது.

அளந்து பார்த்துத் தீர்ப்பது அமெரிக்க டிராக்டர் உலகத்துக்குப் புதிதும் இல்லை. மினியாபொலிஸில் ஒரு நிறுவனம், கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் 'ஃபோர்டு' என்று பெயர் வைத்து டிராக்டர் விற்றது. அதை வாங்கி ஏமாந்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா விவசாயி வில்மட் குரோசியர். பின்னாளில் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். 1919 இல் அந்த மாநிலம் இயற்றிய டிராக்டர் சோதனைச் சட்டத்தின் பின்னால் இருந்தவர் அவர். சோதித்துப் பார்க்காத டிராக்டரை அங்கே விற்க முடியாது என்று ஆனது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அந்தச் சோதனை அறிக்கைகளில், வண்டி வெவ்வேறு கியர்களில் எவ்வளவு இழுத்தது, என்ன வேகத்தில் இழுத்தது என்பது பதிவாகியிருக்கும். எது தொழிற்சாலைத் தரம், எது தோட்டத்தில் செய்த கைவரிசை என்று சண்டை வந்தால் புரட்டிப் பார்க்க நல்ல ஏடு.

கியர் மாற்றத்தை அனுமதிப்பதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. தடை கேட்பவர்கள் நியாயத்தைவிட இதை அழுத்திச் சொல்லியிருக்கலாம். முழுச் சுமையில் நெம்புகோலை இழுத்ததும் பின் அச்சில் முறுக்குவிசை திடீரென்று ஏறும். மண் இறுக்கமாக இருந்து டயர் வழுக்காமல் கவ்விக்கொண்டால், தூக்கிக்கொள்வது முன்சக்கரம். பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர், மீட்க முடியாத கோணத்தை முக்கால் நொடியில் எட்டிவிடும் என்பது பண்ணைப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம். மனிதன் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்டாக் பிரிவுகளில் கொக்கியின் உயரத்தைப் பொதுவாக 20 அங்குலத்துக்குள் கட்டுப்படுத்துவது இதனால்தான். இழுக்கும் புள்ளி பின் அச்சுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் கவிழும் போக்கு குறையும். சங்கிலி இறுக்கமான பிறகே புறப்பட வேண்டும், வெட்டி இழுக்கக்கூடாது என்ற விதியும் இதே அக்கறையில் பிறந்தது.

இந்தியாவில் இதற்குப் பக்கத்து உதாரணம் பஞ்சாப். அங்கே கிராம விளையாட்டு விழாக்களில் டிராக்டர் சாகசங்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம். முன்சக்கரம் அந்தரத்தில் எழும்புவதைப் பார்க்கவே வருவார்கள். 2023 அக்டோபரில் குருதாஸ்பூர் மாவட்டத்தில் அப்படியொரு விழாவில் ஓர் இளைஞர் தன் டிராக்டரின் அடியிலேயே சிக்கி இறந்தார். சில நாட்களில் மாநில அரசு டிராக்டர் சாகசங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. விளையாட்டுக்காரர்களே விதி எழுதிக்கொள்ளாத இடத்தில் அரசு வந்து எழுதும். அப்போது நெம்புகோலுக்கும் கொக்கிக்கும் வேறுபாடு பார்க்காது.

ஆகவே கியர் மாற்ற அனுமதிக்கும் சங்கங்கள் கூடவே ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டும். பெரிய பிரிவுகளில் இருப்பதுபோல், எடைவண்டியோடு கயிற்றால் இணைந்த 'கில் சுவிட்ச்' ஸ்டாக் பிரிவுக்கும் வர வேண்டும். இணைப்பு அறுந்தால் என்ஜின் உடனே அணைந்துவிடும். முன்சக்கரம் எழும்பும்போது எடைவண்டிக்காரரே கயிற்றை இழுத்து என்ஜினை நிறுத்தவும் முடியும். பண்ணை டிராக்டருக்கு இது அதிகச் செலவும் இல்லை.

1969 இல் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே, ஊருக்கு ஊர் விதி மாறிக்கொண்டிருந்ததுதான். அரை நூற்றாண்டு தாண்டியும் உள்ளூர் ஸ்டாக் பிரிவு அதே குழப்பத்தில் இருக்க வேண்டியதில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிச் சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து நாலே வரி எழுதினால் போதும்: தொழிற்சாலை பொருத்திய மாற்றுக்கருவி எதுவானாலும் பயன்படுத்தலாம், வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியது கூடாது, வேக வரம்பைக் கருவி முடிவு செய்யும், கில் சுவிட்ச் இல்லாத வண்டி தடத்தில் இறங்காது. அந்த நாலு வரியையும் எடைமேடையிலேயே ஒட்டிவிடட்டும்.